அலைநாச்சி போரைப் பாதியில் விட்டுப் போன நாள்

என்னோடு ஒரே காலத்தில் பால்பல் விழுந்து முளைத்தவர்களே, திருகோணமலை உட்துறைமுகக் கரையில் கால் சுட ஓடித் திரிந்தவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு அலைநாச்சியை நினைவிருக்கும் என்று நான் அறியேன். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கைத்தொலைபேசியில், அரக்கரை வெட்டி வீழ்த்தும் பெண்ணொருத்தியின் தொடரை எனக்குக் காட்டினாள். அதில் வந்த அரக்கனின் தோலில் மயிர்க்கால்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"எப்பிடி அன்ரி, பயமா இருக்குதோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அரக்கனின் தோலில் தெரிந்தது சலவை நீலம். வியர்த்தால் அது மார்பில் கோடுகோடாக வழியும். அந்த நீலத்துக்கு நாங்கள் பயந்த பயத்தை அவளுக்கு விளக்க எனக்குச் சொல் அகப்படவில்லை. உங்களுக்கென்றால் விளக்கவே தேவையில்லை.

தொலைக்காட்சிப் பெட்டி நம் தெருவுக்கு வந்து சேர்ந்த புதிது அது. வளைகுடா நாடொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய ஒருவர், வரும்போது வீடியோக் கமரா ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணில் வைக்கும் பகுதி ஒன்று, தோளில் தொங்கும் பெட்டி ஒன்று. இரண்டையும் தடித்த கறுப்பு வயர் இணைத்திருக்கும். கலியாண வீடுகளைப் படம்பிடிப்பது அவர் தொழில். தெருவுக்கு அவர் கமராக்காரர், எங்களுக்குக் கமரா மாமா. கலியாணம் நடவாத மாதங்களில் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடலிலிருந்து எழுந்து வந்து அரக்கரை அழிக்கும் வீரப்பெண்ணொருத்தியின் கதையைத் தாமே எழுதி, தாமே படமாக்கி, கரையிலிருந்த பழைய வலைக் கொட்டிலில் யன்னல்களைச் சாக்கால் மறைத்து, பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டினார். முதலாம் பாகத்துக்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு இரண்டாம் பாகம் எடுத்தார். அதற்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு மூன்றாவதைத் தொடங்கினார்.

அலைநாச்சியாக நடித்தவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கும் அக்கா. பாடசாலை நாளில் வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைவியாக இருந்தவர். அழகிகள் நம் தெருவில் வேறு பலர் இருந்தனர். ஆனால் சங்கக்கடை வரிசையைக் குழப்பிய ஒரு தடித்த மனிதரை, அக்கா அவர் தோளில் ஒரு கையை மட்டும் வைத்து வரிசையின் கடைசிக்கு நகர்த்தியதைக் கமரா மாமா தம் கண்ணால் கண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நாயகி தேவைப்படவில்லை. சிவப்பு யன்னல்சீலையில் தைத்த பாவாடை, கிடாரத்து மூடியில் செய்த கேடயம், பிஸ்கற் தகரத்தில் வெட்டிய முடி. அக்கா திரும்பும்போது முடியின் பின்புறத்தில் ஒரு பிஸ்கற்றின் பாதிப்படம் தெரியும். நாங்கள் அதை இரத்தினக்கல் என்று கொண்டோம்.

அரக்கன் கருங்கொம்பனாக வந்தவர், மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் இயந்திரம் பார்க்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று அழைப்பவர். மலைபோன்ற உடம்பு, குழந்தை போன்ற சிரிப்பு. கிண்ணியாவிலிருந்து அவரே எருமைக் கொம்பு ஒரு சோடி கொண்டுவந்து, சைக்கிள் ரியூப்பால் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

அலைநாச்சி கடலுக்கு மேலாகப் பறக்கும் காட்சியை எடுத்த நாளில் நானும் லோஞ்சில் இருந்தேன். அக்கா படகின் முன்முனையில் கைகளை விரித்து நிற்க, இடுப்புக்கு மேலே மட்டும் படம்பிடித்தால் பறப்பதுபோல் தோன்றும் என்பது கமரா மாமாவின் கணக்கு. இடையில் வேறு தலை எதுவும் தெரியக்கூடாது.

"எல்லாரும் குனியுங்கோ! ஒரு தலை தெரிஞ்சாலும் நாச்சி பறக்கமாட்டா!"

கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த மூதூர் முஸ்லிம் உம்மா ஒருவர் குனிய மறுத்தார். "நான் ஏன் மனே குனியிற? நானும் டிக்கட் எடுத்துத்தானே ஏறின."

"ரெண்டு நிமிசம் உம்மா."

"அந்த ரெண்டு நிமிசத்த நீ குனி. எனக்கு முதுகு நோகுது."

இயந்திர அறையிலிருந்து நானா நீலத் தலையை வெளியே நீட்டினார். "குனிஞ்சா நீங்களும் படத்தில வருவீங்க உம்மா."

"குனிஞ்சா எப்பிடி வாற? பொய் சொல்லாத, பேயே!"

லோஞ்சு முழுவதும் சிரித்தது. சிரித்த சிரிப்பில் கூடை சரிந்து, கோழியொன்று வெளியேறி, கைவிரித்து நின்ற அக்காவின் தோளருகே சிறகடித்துப் போயிற்று. கமரா ஓடிக்கொண்டிருந்தது. அலைநாச்சியின் வாகனம் கோழி என்று நாங்கள் நெடுங்காலம் நம்பினோம்.

அந்தக் கோழி படத்தில் இருந்துவிட்டதற்குக் காரணம் உண்டு. வெட்டி ஒட்டும் கருவி எதுவும் கமரா மாமாவிடம் இருக்கவில்லை. கதை எந்த ஒழுங்கில் நடக்கிறதோ அந்த ஒழுங்கிலேயே காட்சிகளைப் பிடிப்பார். ஒன்று பிழைத்தால் கசெற்றைப் பின்னே ஓட்டி அதன்மேல் மறுபடி பதியவேண்டும். அந்தப் பெட்டியோ சொன்ன இடத்தில் நிற்காது. ஒரு விரல் கூடப் போனால் முன்னிருந்த நல்ல காட்சியையும் தின்றுவிடும். ஆகையால் பிழைகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார். விமானம் கடந்த ஓசையும், காகமும், கப்பற் சங்கும் எங்கள் புராணத்தில் இவ்வாறே இடம்பெற்றன.

எங்கள் அப்பா துறைமுகத்து இழுவைக் கப்பலில் வேலை செய்தார். அந்த மாரியில் கப்பலைத் திருத்த வேலைக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தனர். அவரும் கூடப் போயிருந்தார். நிறைய வாசிப்பவர், குறைவாகப் பேசுபவர். கிழமைக்கு ஒரு கடிதம் வரும். அவற்றுள் ஒன்றில், "வீடியோக் கொட்டிலுக்குப் பிள்ளைகளை ஒருபோதும் அனுப்பவேண்டாம். அது இளம் மனத்தைக் கெடுக்கும்" என்று எழுதியிருந்தார். அம்மா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்தவரே, இரண்டாம் பாகம் ஓடிய மூன்றாம் நாள், தலையை வாரி முடிந்துகொண்டு என்னையும் ஐந்து வயதுத் தம்பியையும் அழைத்துப் புறப்பட்டார்.

"கொப்பர் சொன்னது கெட்ட படங்களை. இது சாமிப் படம் மாதிரித்தானாம்" என்றார். குழாயடியில் பெண்கள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பொறுக்கமுடியாமல் போயிருக்கவேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை என்பதை நான் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் கருங்கொம்பன் கடலுக்குள் அமிழ்வான். அவனைச் சுற்றி நீலம் கரைந்து பரவும். கடைசிக் கணத்தில் நம்மை நேரே பார்த்து, "மீண்டும் வருவேன்!" என்று முழங்குவான். தம்பி அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்தவன் வீடு வரும்வரை எடுக்கவில்லை.

படம் பார்த்து நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவனைக் குளிர் பிடித்தது. வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் போட்டும் பல் அடித்தது. கட்டில் சுவரில் தட்டித் தட்டி ஓசை செய்தது. பின்னர் உடம்பு கொதித்தது. பின்னர் வேர்த்து ஒழுகி உறங்கினான். மறுநாள் காலை எழுந்து, சிரட்டை வண்டி இழுத்து விளையாடினான். அதற்கடுத்த நாள், அதே மூன்று மணிக்கு, மறுபடியும் குளிர்.

இந்தக் கணக்கை அறியாதவர் நம்மில் இன்று எவரும் இல்லை. ஆனால் அம்மா இந்தப் பகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மலேரியாவைப் பெயரளவில் அறிந்தவர். "ஒருநாள் விட்டு ஒருநாள், சரியா மூண்டு மணிக்கு வருகுது. காய்ச்சலுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியுமோ?" என்று அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டார். "படம் தொடங்கிற நேரம் மூண்டு மணி. திரும்பி வருவன் எண்டு அவன் சொல்லிப்போட்டுத்தானே போனவன்."

மாமி இந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஏனெனில் தெருவில் பயந்த பிள்ளைகள் பலர் இருந்தனர்; அவர்களைத் தாய்மார் ஏற்கெனவே சங்கக்கடைக்குக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தனர். அரக்கனைக் கொன்றவர் கையால் ஒரு நூல் கட்டினால் பயம் தெளியாதா? அக்கா முதலில் சிரித்தாராம். பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடதாசிச் சரையில் சீனி கட்டும் நூற்பந்தில் ஒரு துண்டு அறுத்து மணிக்கட்டில் முடிந்து, "போ, இனி வரமாட்டான்" என்பார். பெரும்பாலும் அரக்கன் வரவுமில்லை. கையில் சீனி நூலோடு திரிந்த பிள்ளைகள் அந்த மாதம் நம் தெருவில் எத்தனை பேர்!

தம்பிக்கும் ஒரு நூல் கட்டினார். மறுநாள் மூன்று மணிக்குக் குளிர் வந்தது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் சங்கக்கடைக்குப் போனார்.

அக்கா தராசை நிறுத்திவிட்டு அம்மா சொன்னதைக் கேட்டார். "நூலாலை பயம் போகும் அக்கா, காய்ச்சல் போகாது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"நீங்கள் சும்மா நிக்கேக்கை கட்டினதாலை பிடிக்கேல்லைப் போல, தங்கச்சி. அந்த உடுப்போடை ஒருக்கால் வந்து கட்டுங்கோவன்."

"என்ன அக்கா கதைக்கிறியள்? அது யன்னல்சீலை!"

"உங்களுக்கு யன்னல்சீலை" என்றார் அம்மா.

அக்காவின் கையில் அரிசித் தூள் படிந்திருந்தது, புருவத்தில் வியர்வை. அந்தக் கோலத்தில் அவர் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை. நாளைக்கே வைத்தியசாலைக்குப் போவதாக அம்மா வாக்குக் கொடுத்தார். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பல காலம் அவரைக் குறைவாக மதித்திருந்தேன். பேயை நம்பிய பேதை என்று ஒரு வயதில் எண்ணியிருக்கிறேன். இப்போது வேறுவிதமாக எண்ணுகிறேன். வைத்தியசாலையில் கேள்வி கேட்பார்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் எங்கே கொண்டுபோனீர்கள், தகப்பன் எங்கே? அங்கே தெரிந்தது துறைமுகத்துக்குத் தெரியும். துறைமுகத்துக்குத் தெரிந்தது கொழும்பில் நின்ற கப்பலுக்கும் தெரியும். அம்மா அஞ்சியது கருங்கொம்பனுக்கு மட்டுமன்று. அப்பாவின் கடிதத்திலிருந்த அந்த வரிகளுக்கும்தான். அரக்கனே காரணம் என்றால் அக்கா தீர்த்துவைப்பார். அப்பாவிடம் எதையும் சொல்லவேண்டியதில்லை.

நான்காம் முறை குளிர் வந்த பிற்பகலில் தம்பியின் உதடு வெடித்திருந்தது. "கொம்பன், கொம்பன்" என்று பிதற்றினான். நான் குனிந்து அவன் பெயரைச் சொன்னேன். "நீங்கள் ஆர்?" என்று என்னைக் கேட்டான். அம்மா சாமிப்படத்தின் முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

அன்று கரையில் மூன்றாம் பாகத்தின் இறுதிப் போர் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். செருப்பும் போடாமல் ஓடினேன். மாரித் தண்ணீர் தேங்கிய வீதியில், எங்கள் ஊருக்குள் ஆடுமாடுபோலத் திரியும் மான்கள் இரண்டு வழிமறித்து நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் கரையில் ஏறிய கணத்தில் அக்காவின் வாள் கருங்கொம்பனின் இடது கொம்பில் விழுந்தது. கொம்பு உண்மையாகவே முறிந்து மணலில் தெறித்தது. அது எவரும் எதிர்பாராதது. கமரா மாமாவின் உடம்பு மகிழ்ச்சியில் ஆடியதைக் கண்டேன். ஆனால் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா!" என்று கத்தினேன். "தம்பி என்னை ஆரெண்டு கேக்கிறான்!"

அலைநாச்சி வாளை இறக்கினார். என்னைப் பார்த்தார். வாளை மணலில் போட்டார். சிவப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முடியைக்கூடக் கழற்றாமல் நடந்தார். கருங்கொம்பன் முறிந்த கொம்பைக் கையில் ஏந்தியபடி ஒருகணம் திகைத்து நின்று, "பொறுங்க புள்ள, நானும் வாறன்" என்று பின்னே ஓடிவந்தார்.

வாசலில் அக்காவைக் கண்டதும் அம்மா எழுந்து கைகூப்பினார். முந்தாநாள் 'தங்கச்சி' என்று அழைத்த வாயால் "தாயே" என்றார். அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். பிறகு கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்தது. படத்தில் பேசும் குரல் வந்தது.

"கருங்கொம்பா! நீ இந்தப் பிள்ளையின் குருதியில் ஒளிந்திருக்கிறாய் என்பதை அறிவேன். வெள்ளை உடுத்தவர்கள் உன்னை ஊசி முனையில் எடுப்பார்கள். கசப்புக் குளிசையால் உன்னைக் கொல்வார்கள். ஒரு குளிசை மிச்சம் வைத்தாலும் நீ திரும்பி வருவாய்!" கடைசி வசனத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அம்மா தலையாட்டினார். பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், "அவருக்குத் தெரிய வருமோ, தாயே?" என்றார்.

அலைநாச்சிக்கு இதற்கு வசனம் எழுதப்பட்டிருக்கவில்லை. சங்கக்கடை அக்காவே பதில் சொன்னார். "பிள்ளை இருந்தால்தானே அக்கா அவர் ஏசிறதுக்கு."

அதற்குள் நானா கட்டிலருகே வந்து தம்பியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளை அலறப்போகிறான் என்று நினைத்தேன். தம்பி நீல முகத்தை அண்ணாந்து பார்த்தான். ஒற்றைக் கொம்பைப் பார்த்தான்.

"மற்றது எங்கை?" என்று கேட்டான்.

"உங்கட நாச்சி அக்கா உடைச்சுப்போட்டா வாப்பா. நோகுது" என்றார் நானா.

அன்று பிற்பகல் வீதியில் நின்றவர்கள் கண்ட ஊர்வலம் வேறெந்த ஊருக்கும் வாய்த்திராது. முன்னால் தகரமுடி தரித்த அலைநாச்சி. அவருக்குப் பின்னால் பிள்ளையைச் சுமந்த அரக்கன். அதற்குப் பின்னால் கூந்தல் அவிழ்ந்த அம்மா. கடைசியில் முறிந்த கொம்போடு நான். சைக்கிள்கள் நின்றன; அதையும் படப்பிடிப்பு என்றே எல்லோரும் எண்ணினர். வைத்தியசாலை வாசலில் தாதி ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதிலை ஆர் நோயாளி?" என்று கேட்டார்.

குருதியைப் பார்த்ததும் மலேரியா என்றார்கள். ஈரல் வீங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் வைச்சிருந்தால் என்னட்டைக் கொண்டுவந்து பிரயோசனமில்லை" என்று வைத்தியர் ஏசினார். எட்டாம் நாள் தம்பி நடந்தே வீடு வந்தான். குளிசையில் ஒன்றுகூட மிச்சமாகவில்லை. துப்பினால் அம்மா கழுவி மறுபடி கொடுத்தார். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், "தம்பிக்கு மலேரியா வந்தது, இப்போது சுகம்" என்ற வரி மட்டும் இருந்தது. எங்கள் இருவருக்கும் வாய் திறக்கக்கூடாதென்று கட்டளை.

பின்னர் வந்த ஆண்டுகளில் நாம் இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. அதில் மூன்று கசெற்றுகளும் அடங்கும். எங்காவது ஓர் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தேனும் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு சுகம். ஆனால் மூன்றாம் பாகத்தை முதன்முதல் காட்டிய பிற்பகலுக்கு எனக்குக் கசெற் தேவையில்லை.

அப்பா வந்திருந்தார். கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பி ஒரு கிழமை ஆகியிருந்தது. கொட்டிலைப் பற்றி அவர் சொல்லிவந்ததைக் கேள்விப்பட்ட நானா, வீதியில் மறித்து, "ஒருநாள் வந்து பாருங்க ஐயா. பார்த்துப்போட்டு மறுகா ஏசுங்க" என்று சொல்லியிருந்தார். நியாயத்துக்குக் கட்டுப்படும் மனிதர் அப்பா. மரவாங்கில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு வழக்கை விசாரிப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில். நானும் தம்பியும் அவர்கள் காலடியில். சங்கக்கடை அக்கா முன்மூலையில் சாதாரணச் சேலையில் இருந்தார்.

கொம்பு முறிந்தது. கொட்டில் அதிர்ந்தது. அடுத்த கணம் எங்கிருந்தோ ஒரு சிறுபிள்ளையின் குரல். காற்றில் சொற்கள் சிதைந்து "அக்கா" என்பது மட்டும் கேட்டது. அலைநாச்சி வாளைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். அரக்கன் திகைத்தான். பிறகு அவனும் ஓடினான். வெறுங்கரை. அலை. ஒரு காகம். கமரா மாமாவால் இதை அழிக்க முடியவில்லை. அழிக்கப்போனால் அதற்கு ஒட்டினாற்போலிருந்த கொம்பு முறியும் காட்சியும் போய்விடும். முறிந்த கொம்பை மறுபடி முறிக்க இயலாது.

"என்னடாப்பா, நாச்சி பயந்து ஓடுறா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெண்டவன் ஏன் ஓடுறான்?"

"ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போகினம்!"

கொட்டில் சிரிப்பில் குலுங்கியது. முன்மூலையில் அக்காவின் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. அவர் திரும்பி எவரையும் பார்க்கவில்லை.

அம்மா எழுந்து நின்றார்.

"ஆரும் சிரிக்காதேங்கோ" என்றார். "அவ பயந்து ஓடேல்லை. என்ட வீட்டுக்குப் போறா. அந்தக் குரல் என்ட மகளின்ட. என்ட பிள்ளைக்கு மலேரியா. நான் அவனை இந்தக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டு, அது தெரிஞ்சுபோடும் எண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வைச்சிருந்தனான். இவ வந்துதான் கொண்டு போனவ. அந்த அரக்கன்தான் தூக்கிக்கொண்டு போனவர்."

சிரிப்பு நின்றது. அலையோசை மட்டும் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்க்கத் துணியாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"இரும்" என்றார் அப்பா. "பின்னுக்கு இருக்கிறவைக்கு மறைக்குது."

அம்மா இருந்தார். அப்பா குனிந்து தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் காதருகே, "உந்த நீல ஆளே உன்னைத் தூக்கினவர்?" என்று கேட்டார்.

"ஓம். அவருக்குக் கொம்பு நொந்தது" என்றான் தம்பி.

திரையில் கரை இன்னும் வெறுமையாகவே கிடந்தது. அலைநாச்சி திரும்பி வரும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அப்பாவும்தான்.